கோலாலம்பூரைப் படம் பிடிக்க எங்கே நிற்பது?

மலைக்கோட்டை | 2 ஜூன் 2024
ஜூலை கடைசியில் அம்மாவோடு கோலாலம்பூர் வருகிறேன். திருச்சியிலிருந்து நேர் விமானம். ஊரைப் பார்க்க ஒரே ஒரு மாலைதான் கிடைக்கும், மறுநாள் பத்துமலை, அப்புறம் பினாங்கு. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் 86ஆம் மாடிக்கு டிக்கெட் எடுக்கலாம் என்றிருக்கிறேன். ஊரிலேயே உயரமான இடம் அதுதான், மொத்த நகரமும் ஒரே படத்தில் வந்துவிடும். சரிதானே?

செந்தூல்வாசி | 2 ஜூன் 2024, இரவு
படத்துக்காக என்றால் எடுக்காதீர்கள். அந்தக் கோபுரத்தின் மேல் நின்று எடுக்கும் படத்தில் அந்தக் கோபுரம் இருக்காது. கோலாலம்பூர் என்று சொன்னதும் கண்ணில் வந்து நிற்கும் அந்த ஒரே உருவம் இல்லாமல் எடுத்த படம் எந்த ஊரின் படமாகவும் இருக்கலாம். மேலே கண்ணாடிக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். உள்ளே எரியும் விளக்கு கண்ணாடியில் விழும். குறித்த நேரத்துக்குக் குழுவாக ஏற்றி, குழுவாகவே இறக்கிவிடுவார்கள். வெளிச்சம் பிடிக்கும்வரை காத்திருக்க முடியாது.

உயரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரட்டைக் கோபுரம் 451.9 மீட்டர். 1998இலிருந்து 2004 வரை உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான். இப்போது இந்த ஊரிலேயே மெர்டேக்கா 118 அதைத் தாண்டிவிட்டது: 678.9 மீட்டர், துபாயின் புர்ஜ் கலீஃபாவுக்கு அடுத்த இடம். 2024 ஜூன் வரை அதன் பார்வைத் தளம் பொதுமக்களுக்குத் திறக்கவில்லை.

செந்தூல்வாசி | 3 ஜூன் 2024
நேற்று அவசரத்தில் எழுதினேன். 'எடுக்காதீர்கள்' என்றதோடு விட்டுவிட்டால் அது பதில் ஆகாது. எங்கே நிற்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும் அல்லவா?

என் கருத்து இதுதான். இந்த ஊரைப் படம் பிடிக்க உயரம் தேவையில்லை. கோபுரத்துக்கு முன்னால் ஏதாவது ஒன்று இருக்கும் இடம் தேவை. ஏரியோ, மர வீடோ, மசூதியின் வெங்காயக் குவிமாடமோ, மாமாக் கடை எனும் தமிழ் முஸ்லிம் உணவகத்தின் தகரக் கூரையோ, எதுவாக இருந்தாலும் சரி. கோபுரம் எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் படத்தில் தெரியும். மேலே ஏறிப் பார்த்தால் எல்லாக் கட்டடமும் ஒரே அளவில் தட்டையாகக் கிடக்கும்.

உங்களுக்கு இருப்பது ஒரே மாலை என்பதால் நான் சொல்வது கம்போங் பாரு. இரட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்து கே.எல்.சி.சி. நிலையத்திலிருந்து எல்.ஆர்.டி. ரயிலில் அடுத்த நிறுத்தம். 1900இல் மலாய்க்காரர்களுக்கென ஒதுக்கிய குடியிருப்பு. தூண் மேல் நிற்கும் பழைய மர வீடுகள் சில இன்னும் இருக்கின்றன. வாசலில் வாழையும் மாமரமும், கொடியில் துணி, பின்னால் வானத்தை நிரப்பிக்கொண்டு இரட்டைக் கோபுரம். வேறு எந்தத் தலைநகரத்திலும் நான் இப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. அந்த நிலத்தில் அடுக்குமாடி எழுப்ப வேண்டுமென்ற பேச்சு பல வருடமாக நடக்கிறது. இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

ஒன்று மட்டும். அவை மனிதர்கள் வாழும் வீடுகள். வாசலில் ஆள் இருந்தால் கேமராவைத் தூக்குவதற்கு முன் சிரித்து ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். ஒரு பாட்டி என்னை உட்காரவைத்துத் தேநீரே கொடுத்தார்.

மலைக்கோட்டை | 3 ஜூன் 2024
அம்மாவுக்கு முட்டி வலி. அதிகம் நடக்க முடியாது. எல்லோரும் போடும் அந்த நீரூற்றுப் படம் எங்கே எடுப்பது?

செந்தூல்வாசி | 4 ஜூன் 2024
நீரூற்று இரண்டு பக்கமும் இருக்கிறது, அதுதான் குழப்பம். ஜாலான் அம்பாங் பக்கம், கோபுரத்தின் முன்வாசல் எதிரே ஒன்று. பின்னால் பூங்காவுக்குள் ஏரி, அதில் இரவில் இசைக்கு ஏற்ப ஆடும் நீரூற்று. அம்மாவுக்குப் பூங்காப் பக்கம்தான் நல்லது. உட்கார இடம் உண்டு, நிழல் உண்டு. முன்வாசல் பக்கம் தரையோடு தரையாகக் குனிந்து அண்ணாந்து எடுக்க வேண்டும். அப்படியும் உச்சி வெட்டுப்படும். அங்கே கைப்பேசியில் மாட்டும் அகலக் கோண லென்ஸை விற்றுக்கொண்டு ஆட்கள் வருவார்கள். உங்கள் கைப்பேசியிலேயே 0.5 இருக்கும், வாங்க வேண்டாம்.

பூங்கா 50 ஏக்கர். பிரேசில் நாட்டு வடிவமைப்பாளர் ரொபெர்ட்டோ பர்லே மார்க்ஸ் வரைந்தது. அதற்கு முன்னால் அந்த நிலம் குதிரைப் பந்தயத் திடல். என் அப்பா அதைப் பந்தயத் திடலாகவே பார்த்தவர். இன்றும் அந்தப் பக்கம் போனால், 'இங்கேதான் குதிரை ஓடும்' என்று கையை நீட்டிக் காட்டுவார்.

செந்தூல்வாசி | 4 ஜூன் 2024, மறுபடியும்
நேரத்தைச் சொல்ல விட்டுப்போனது. இதுதான் முக்கியம்.

இங்கே சூரியன் மறைவது வருடம் முழுக்க 7 மணியிலிருந்து ஏழரைக்குள். திருச்சிக் கணக்கில் ஆறு மணிக்கே போய் நிற்காதீர்கள், வெயில் இன்னும் சுள்ளென்று அடிக்கும். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்கள். கிழக்கு மலேசியாவின் சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாக வேண்டும் என்பதற்காக. அதனால்தான் எங்களுக்குக் காலையும் தாமதம், மாலையும் தாமதம். ஜூலை கடைசியில் சூரியன் ஏறக்குறைய ஏழரைக்கு மறையும்.

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய நேர் செங்குத்தாக இறங்கும். மறைந்த பிறகு வானம் கருநீலமாக இருக்கும் நேரம் இருபது நிமிடம் போல. விளக்கெல்லாம் எரிந்து, வானமும் இன்னும் கறுக்காமல் இருக்கும் அந்த இருபது நிமிடத்தில்தான் கோபுரத்தின் எஃகு மின்னும். அந்தச் சமயத்தில் சாப்பிட உட்கார்ந்துவிடாதீர்கள், லிஃப்டுக்கும் காத்திருக்காதீர்கள். முன்கூட்டியே இடம் பிடித்து நில்லுங்கள்.

ஈப்போக்காரர் | 6 ஜூன் 2024
கே.எல். கோபுரத்தை ஏன் யாரும் சொல்லவில்லை? இரட்டைக் கோபுரத்தைவிட அதுதான் உயரம், ஊருக்குள் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். அங்கிருந்து இரட்டைக் கோபுரமும் தெரியுமே.

செந்தூல்வாசி | 6 ஜூன் 2024
ஐயா, கே.எல். கோபுரம் 421 மீட்டர்தான். புக்கிட் நானாஸ் குன்றின் மேல் நிற்கிறது, அதனால்தான் உயரமாகத் தெரிகிறது. கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டால் அதன் உச்சி உண்மையிலேயே மேலே இருக்கும், ஆகவே உங்கள் கண் சொல்வது சரி. 1996இல் திறந்தது. பார்வைத் தளம் 276 மீட்டரில். அதற்கு மேல் திறந்தவெளித் தளமும் உண்டு, கண்ணாடித் தொல்லை இல்லை.

மேலே ஏறியே தீருவேன் என்பவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். இங்கே நின்றால் இரட்டைக் கோபுரம் கண்ணெதிரே இருக்கும்.

ஆனால் எனக்கு அங்கே பிடித்தது கீழே இருக்கும் காடு. 1906இலேயே பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவித்த துண்டு நிலம், நகரத்தின் நடுவில். மரத்துக்கு மேலாகத் தொங்கும் நடைபாலம் கட்டியிருக்கிறார்கள். இலைகளுக்கு இடையில் எஃகும் கண்ணாடியும் தெரியும். கோபுரம் கட்டும்போது அங்கே நின்ற நூறு வயதைத் தாண்டிய ஜெலுத்தோங் மரத்தை வெட்டாமல், அதைக் காப்பாற்றவென்று சுவர் எழுப்பினார்கள். அந்த மரம் இன்னும் கோபுரத்தின் காலடியில் நிற்கிறது. அண்ணாந்து மரத்தையும் கோபுரத்தையும் ஒரே படத்தில் பிடிக்கலாம். மேலே போக டிக்கெட் எடுப்பவர்களில் எத்தனை பேர் அதை நின்று பார்க்கிறார்கள்? எனக்கு இது மனக்குறை.

செந்தூல்வாசி | 15 ஜூன் 2024
இன்று மாலை நல்ல மழை. விட்டதும் சலோமா பாலத்துக்குப் போனேன். திரும்பி வந்து கையோடு எழுதுகிறேன்.

மலைக்கோட்டைக்காரருக்கு நான் கம்போங் பாரு சொன்னேன் அல்லவா, அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்போங் பாருவிலிருந்து கிள்ளான் ஆற்றையும் நெடுஞ்சாலையையும் தாண்டி ஜாலான் அம்பாங் பக்கம் இறங்கும் 69 மீட்டர் நடைபாலம். 2020இல் திறந்தது. திருமணத்தில் வைக்கும் வெற்றிலை அலங்காரத்தின் வடிவத்தில் மேற்கூடு அமைத்து, இரவில் நிறம் மாறும் விளக்கு போட்டிருக்கிறார்கள். பாடகி சலோமாவின் பெயர். அவரும் கணவர் பி. ரம்லியும் அடக்கமானது பக்கத்திலேயே இருக்கும் ஜாலான் அம்பாங் முஸ்லிம் இடுகாட்டில்தான்.

எல்லோரும் பாலத்துக்குள் நின்று விளக்கு வளையத்தின் நடுவில் கோபுரத்தை வைத்து எடுக்கிறார்கள். நல்ல படம்தான், ஆனால் எல்லோர் கைப்பேசியிலும் ஒரே படம். பாலத்தைவிட்டு விலகி கம்போங் பாரு பக்கமே நில்லுங்கள். பாலம், ஆறு, சாலையில் ஓடும் வண்டிகளின் விளக்கு, மேலே கோபுரம் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜூன், ஜூலையில் சூரியன் நேர் மேற்கில் மறையாது, வடக்கே தள்ளி மறையும். சலோமா பாலத்துப் பக்கம் நின்றால் அது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், மஞ்சள் வெயில் முழுக்கக் கோபுரத்தின் முகத்தில் விழும். பூங்காப் பக்கம் நின்றால் நேர் எதிர், கோபுரம் இருட்டாகி வானம் மட்டும் பளிச்சென்று இருக்கும். காலையில் பூங்கா, மாலையில் கம்போங் பாரு. விளக்கு எரிய ஆரம்பித்த பிறகு எங்கே நின்றாலும் சரி.

கோபுரத்தின் உடம்பில் மடிப்பு மடிப்பாக இருப்பதும் இதற்குத் துணை. அதை வடிவமைத்த சீசர் பெல்லி அதன் தரைப்படத்தை இஸ்லாமியக் கோலத்திலிருந்து எடுத்தார். இரண்டு சதுரத்தை ஒன்றின்மேல் ஒன்று திருப்பிவைத்தால் எட்டு முனை நட்சத்திரம் வரும், முனைகளுக்கு இடையில் வளைவு. சாய்ந்த வெயில் அந்த மடிப்புகளில் பட்டால் ஒரு பக்கம் பொன்னிறம், ஒரு பக்கம் நிழல். மதிய வெயிலில் எடுத்தால் இது எதுவும் தெரியாது.

மலைக்கோட்டை | 16 ஜூன் 2024
அண்ணா, மழையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஜூலையில் மழை வருமா? மூட்டமாக இருந்தால் என்ன செய்வது?

செந்தூல்வாசி | 16 ஜூன் 2024
தம்பி, ஜூன், ஜூலை கொஞ்சம் உலர்ந்த மாதங்கள்தான். பேய் மழை ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும். ஆனால் இங்கே எந்த மாதத்திலும் பிற்பகலில் இடி இடிக்கலாம். மழையைக் கண்டு அறைக்குத் திரும்பாதீர்கள். மழை கழுவிவிட்ட காற்றில்தான் தொலைவு தெளிவாகத் தெரியும். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் பக்கத்தில் வந்துவிட்டது போல இருக்கும். தரை ஈரத்தில் விளக்கெல்லாம் இரண்டாகும்.

பயப்பட வேண்டியது புகைமூட்டத்துக்குத்தான். ஜூலையிலிருந்து அக்டோபர்வரை, இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் களிமந்தானிலும் கரிச் சதுப்புநிலம் பற்றி எரிந்தால், காற்று அதை இங்கே தள்ளிக்கொண்டு வரும். 2015இலும் 2019இலும் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். அந்த நாட்களில் படத்தை மறந்துவிட்டு அம்மாவுக்கு முகக்கவசம் வாங்குங்கள்.

அப்புறம், குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டுவந்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும். பையை மூடியபடியே கொஞ்ச நேரம் வெளியே வைத்திருந்துவிட்டு அப்புறம் திறங்கள்.

ஈப்போக்காரர் | 20 ஜூன் 2024
டிரோன் இருந்தால் இந்தப் பஞ்சாயத்தே இல்லை.

செந்தூல்வாசி | 20 ஜூன் 2024
நகரத்தின் நடுவில் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது ஐயா. விமானப் போக்குவரத்து ஆணையமும் நில அளவைத் துறையும் அனுமதி தர வேண்டும். சுற்றுலா வருபவர் அதற்கு அலைய முடியாது. கீழே அவ்வளவு மக்கள் நடக்கிறார்கள்.

செந்தூல்வாசி | 7 ஜூலை 2024
தித்திவங்சா ஏரியைப் பற்றி எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. எனக்கு அது மிகவும் வேண்டிய இடம். செந்தூலிலிருந்து பக்கம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாதபோது பெரிய மருத்துவமனையில் பகல் முழுக்க இருந்துவிட்டு, சாயங்காலம் அங்கே போய் உட்காருவேன். படம் எடுக்கப் போகவில்லை. ஆனால் நகரத்தைப் பார்க்க நான் கற்றுக்கொண்டது அங்கேதான். தண்ணீருக்கு அப்பால், சில கிலோமீட்டர் தள்ளி, இரட்டைக் கோபுரம், கே.எல். கோபுரம், மெர்டேக்கா 118 எல்லாம் வரிசையில் நிற்கும். அத்தனை உயரங்களையும் ஒரே கோட்டில், நெருக்கடி இல்லாமல் பார்க்கக் கிடைப்பது இங்கேதான். காற்றில்லாத விடியலில் தண்ணீரில் தலைகீழாக இன்னொரு நகரம்.

ஏழு மணிக்குச் சூரியன் வருவதற்கு முன்னால் போனால் நடைப்பயிற்சிக்காரர்களும் தைச்சி ஆடும் சீன முதியவர்களும்தான் இருப்பார்கள். கைப்பேசியின் அகலக் கோணத்தில் எடுத்தால் கோபுரமெல்லாம் குச்சியாகிவிடும். கேமராவானால் 85 மி.மீ. லென்ஸுக்கு மேலே போங்கள், 135 இருந்தால் இன்னும் நல்லது. கைப்பேசியானால் 3x.

எம்.ஆர்.டி. ரயிலின் புத்ராஜெயா தடத்தில் மருத்துவமனை நிலையத்தில் இறங்கி இஸ்தானா புடாயா அரங்கம் வழியாக நடக்கலாம், இல்லை கிராப் வாடகைக் கார் பிடித்துவிடலாம். அம்மாவுக்கு இந்த இடம்தான் ஏற்றது. முழுக்கச் சமதளம். ஜூன் 3ஆம் தேதி கம்போங் பாருதான் முதல் என்று எழுதியிருந்தேன். முட்டி வலி உள்ள அம்மாவோடு வருகிறவருக்கு இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன், எனக்கென்று வைத்துக்கொள்ளத் தோன்றியது. இப்போது சொல்லிவிட்டேன்.

நிழற்பட அக்கா | 9 ஜூலை 2024
கூரைமேல் மதுக்கூடங்களை விட்டுவிட்டீர்களே. பழைய ஹெலிகாப்டர் தளம் ஒன்று இருக்கிறதே, கைப்பிடிச் சுவர்கூட இல்லாமல். சுற்றி 360 பாகையும் தெரியும்.

செந்தூல்வாசி | 9 ஜூலை 2024
மெனாரா கே.எச். 34ஆம் மாடி. காட்சி அருமைதான் அக்கா, மறுக்கவில்லை. பூங்காவுக்கு எதிரே டிரேடர்ஸ் ஹோட்டலின் 33ஆம் மாடியும் அப்படியே, கோபுரம் முழுதாக நேர் எதிரே. ஆனால் பானம் வாங்க வேண்டும், உடைக்கு விதி இருக்கும், கேமரா நிறுத்தும் முக்காலியை விட மாட்டார்கள். வேறொரு கூரையில் நான் சின்ன முக்காலியை விரித்ததும், சரியாக வானம் நீலமாகும் நேரத்தில், மேலாளரோடு பேசிவிட்டு வா என்று கீழே அனுப்பினார்கள். திரும்பி வருவதற்குள் வானம் கறுத்துவிட்டது. பொதுப் பூங்காவில் நமக்கு நேரம் நம் கையில் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிது.

செலவில்லாத உயரம் வேண்டுமென்றால் டி.ஆர்.எக்ஸ். பேரங்காடியின் கூரைப் பூங்கா. 2023 நவம்பரில் திறந்தது. எம்.ஆர்.டி. நிலையம் அடியிலேயே. இன்னொன்று, தியான் ஹோ சீனக் கோயிலின் மேல்தளம். சீனப் புத்தாண்டுச் சமயம் சிவப்பு விளக்குச் சரங்களுக்கு நடுவில் நகரம் தெரியும்.

மலைக்கோட்டை | 3 ஆகஸ்ட் 2024
போய்விட்டு வந்துவிட்டோம். 86ஆம் மாடிக்குப் போகவில்லை. விடியலில் தித்திவங்சா, மாலை சலோமா. அம்மா ஏரிக்கரையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. பத்துமலையில் 272 படி அவரால் முடியாது, கீழேயே கும்பிட்டுக்கொண்டார். நான் மட்டும் ஏறினேன். மேலிருந்து திரும்பிப் பார்த்தால் முருகன் சிலையின் முதுகுக்கு அப்பால் நகரம் மங்கலாகத் தெரிந்தது! இதை ஏன் சொல்லவில்லை?

செந்தூல்வாசி | 3 ஆகஸ்ட் 2024
நேரில் பார்க்கட்டும் என்றுதான். 42.7 மீட்டர் முருகன், 2006இல் திறந்தது. எல்லோரும் கீழே நின்று முகத்தைத்தான் எடுப்பார்கள். படியிலிருந்து எடுக்கும்போது அவர் நகரத்தைப் பார்த்தபடி நிற்பார், நாம் அவருக்குப் பின்னால் நின்று அதே ஊரைப் பார்ப்போம். இங்கே பிறந்து வளர்ந்த தமிழனுக்கு அந்தப் படம் இரட்டைக் கோபுரத்தைவிட நெருக்கம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நிழற்பட அக்கா | 12 ஜனவரி 2025
தைப்பூசம் பிப்ரவரி 11. வெள்ளி ரதத்தை நகரத்துக் கட்டடங்களோடு சேர்த்து எடுக்க எங்கே நிற்கலாம்?

செந்தூல்வாசி | 13 ஜனவரி 2025
ரதம் 9ஆம் தேதி இரவு மகா மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும். 1873இல் தம்புசாமிப் பிள்ளை எழுப்பிய கோயில், ஜாலான் துன் எச்.எஸ். லீயில். பத்துமலை போய்ச் சேர மறுநாள் ஆகிவிடும். பலரும் கோயில் வாசலிலேயே நெருக்குவார்கள். பெட்டாலிங் தெரு வட்டாரத்தில் மெர்டேக்கா 118 தலைக்கு மேல் வந்து நிற்கும் சந்துகள் இருக்கின்றன. ரதம் அந்தப் பக்கம் திரும்பும்போது பழைய கடைவீடு, ரதம், கோபுரம் மூன்றும் ஒரு சட்டத்துக்குள் வரும். பகலிலேயே ஒரு முறை நடந்து பார்த்து இடத்தைக் குறித்துவையுங்கள். தலைக்கு மேல் மின்கம்பி இல்லாத இடமாக இருக்கட்டும்.

ரதத்தின் விளக்கு கண்ணைப் பறிக்கும். அதை வைத்துக் கேமராவில் வெளிச்சத்தை அளந்தால் சுற்றியுள்ள முகமெல்லாம் கறுத்துவிடும். முகத்துக்கு அளந்து, கேமராவின் ஒளியுணர்வை (ஐ.எஸ்.ஓ.) 3200இல் வையுங்கள், ரதம் கொஞ்சம் வெளுத்தால் போகட்டும். சாலையில் தேங்காய் உடைப்பார்கள், ஓடு சிதறிக் கிடக்கும், ஆகவே மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள். பால்குடம் தூக்கி வருபவர்கள் மேல் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். லெபோ அம்பாங் தெரு முனையில் தண்ணீர்ப் பந்தல் அருகே நான் நிற்பேன், வந்தால் பார்க்கலாம்.